சுழியத்தின் இடத்தில் இரண்டு

1980ஆம் ஆண்டு ஜூன் மாதம் வரை, வான்வழித் தாக்குதல் வருகிறதா என்று கண்காணிக்கும் அமெரிக்க-கனடா கூட்டுப் படையமைப்பான நோராட்டின் தலைமையகத்திலிருந்து மற்றக் கட்டளை மையங்களுக்கு இரவு பகலாக ஒரு செய்தி ஓயாமல் போய்க்கொண்டிருந்தது. ஏவுகணைத் தாக்குதல் நடந்தால் எந்த வடிவத்தில் எச்சரிக்கை போகுமோ, அதே வடிவத்தில்தான் அதுவும் போனது. எத்தனை ஏவுகணைகள் என்று குறிக்கும் இடத்தில் மட்டும் 0 இருக்கும். இணைப்பு அறுந்துவிடாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள அனுப்பிய சோதனைச் செய்தி அது. கொலராடோவில் ஷெயான் மலையைக் குடைந்து வைத்த மையம், "0 ஏவுகணைகள் வருகின்றன, 0 ஏவுகணைகள் வருகின்றன" என்று ஜபம் போலச் சொல்லிக்கொண்டே இருந்தது. நெப்ராஸ்காவிலும் பென்டகனிலும் இருந்த கருவிகள் அதை வாங்கிக்கொண்டே இருந்தன. ஜூன் 3ஆம் தேதி அதிகாலையில் அந்த 0 இருந்த இடத்தில் 2 வந்து உட்கார்ந்தது.

அணு ஆயுதப் பொய் எச்சரிக்கைகள் என்று பேச்சு எடுத்தாலே எல்லோரும், 1983இல் அப்படியொரு எச்சரிக்கையை நம்ப மறுத்த சோவியத் அதிகாரி ஸ்தானிஸ்லாவ் பெத்ரோவிடம்தான் போய் நிற்கிறார்கள். ஒவ்வொரு செப்டம்பர் 26 அன்றும் "உலகைக் காப்பாற்றிய மனிதர்" என்று அவருடைய படம் சுற்றிவரும். அந்த மனிதர் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் கதையை அந்த இடத்திலேயே முடித்துவிடுவதுதான் பல வருடங்களாக மனதுக்கு ஒப்பவில்லை. ஒருவருடைய நிதானத்தால் பிழைத்தோம் என்று சொல்லிவிட்டால், அவருக்கு அந்த நிலைமை ஏன் வந்தது என்று யாரும் கேட்பதில்லை. இந்தச் சம்பவங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், எல்லா இடத்திலும் பதறிப்போனவர்கள் கேட்டது ஒரே கேள்விதான்: "வேறு யாருக்காவது இது தெரிகிறதா?" அந்த "வேறு யாரோ" உண்மையிலேயே வேறாக இருந்தாரா என்பதைப் பொறுத்துத்தான் அடுத்த நிமிடம் அமைந்தது. அதைத்தான் இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும் என்று தோன்றுகிறது.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நமக்குச் சொல்லித்தந்திருக்கிறார்கள். சோவியத் நிலத்திலிருந்து கிளம்பும் ஏவுகணை அமெரிக்காவை அடைய ஏறக்குறைய 30 நிமிடம். கரைக்கு அருகே வந்த நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து பாய்ந்தால் அதில் பாதிகூட இல்லை. தீர விசாரிக்க அவ்வளவுதான் நேரம். அமெரிக்காவின் 1,000 மினிட்மேன் ஏவுகணைகள் அசையாத நிலத்தடிக் குழிகளில் நின்றன. அடி விழுவதற்கு முன்பே அவற்றை ஏவிவிட வேண்டும் என்ற நெருக்கடி அதனால்தான் எழுந்தது. இந்த அவசரத்துக்கு அணையாக வைத்த விதி எளிமையானது. ஒரு தாக்குதலை இரண்டு வேறு வழிகளில் பார்க்க வேண்டும். ஏவுகணையின் நெருப்பை அதன் வெப்பத்தால் காணும் செயற்கைக்கோள் ஒன்று. ரேடியோ அலையை வீசி எதிரொலியை வாங்கும் ரேடார் இன்னொன்று. வெயிலில் ஒன்று ஏமாந்தால் மற்றது ஏமாறாது, மின்காந்த இரைச்சலில் மற்றது குழம்பினால் முதலாவது குழம்பாது. யோசனை அருமையானது. ஆனால் இரண்டு சாட்சிகளும் பேசுவது ஒரே வாய் வழியாக என்றால் என்ன ஆகும்?

46 சென்ட்

வாஷிங்டன் நேரப்படி அதிகாலை 2:26. நெப்ராஸ்காவின் ஆஃபட் விமானதளத்தில், குண்டுவீச்சு விமானங்களையும் நிலத்தடி ஏவுகணைகளையும் கையில் வைத்திருந்த எஸ்.ஏ.சி. படையின் கட்டளை மையத்தில், நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து 2 ஏவுகணைகள் அமெரிக்காவை நோக்கிக் கிளம்பியதாகத் திரை காட்டியது. 18 வினாடி கழித்து எண்ணிக்கை ஏறியது. பணியிலிருந்த அதிகாரி விமானக் குழுவினரை பி-52 குண்டுவீச்சு விமானங்களில் ஏறி எஞ்சினை ஓடவிடச் சொன்னார். கூடவே நோராட்டுக்குத் தொலைபேசியில் பேசினார்கள். நோராட்டின் பதில்: இங்கே திரையில் ஒன்றுமே இல்லை. சிறிது நேரத்தில் எஸ்.ஏ.சி. திரையும் துடைத்துவிட்டதுபோல் ஆனது. அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் மறுபடி எண்கள். இந்த முறை சோவியத் நிலத்திலிருந்து கண்டம்விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணைகள். பிறகு பென்டகன் திரையில் தனியாக நீர்மூழ்கிக் கப்பல் ஏவுகணைகள். ஹவாயில் பசிபிக் படைத்தலைமையின் பறக்கும் கட்டளை விமானம் ஓடுபாதையை விட்டு மேலே ஏறியேவிட்டது.

இந்த இடத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். திரைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. ஆஃபட்டில் ஒரு கணக்கு, பென்டகனில் வேறு கணக்கு, செய்தியின் ஊற்றுக்கண்ணான ஷெயான் மலையில் கணக்கே இல்லை. எண்ணிக்கைகளும் எந்தத் தாக்குதல் திட்டத்துக்கும் பொருந்தாமல் 2, 220, 2,200 என்று தாவின. ரேடார் நிலையங்களையும் செயற்கைக்கோள் நிலையங்களையும் நேரடியாகக் கேட்டார்கள். வானம் வெறுமையாக இருந்தது. விமானங்கள் எஞ்சினை நிறுத்தின. மூன்று திரைகளும் ஒரே பொய்யை ஒழுங்காகச் சொல்லியிருந்தால் அந்தச் சில நிமிடங்கள் எப்படிப் போயிருக்கும் என்பதை நினைக்கவே அச்சமாக இருக்கிறது. பிழை அலங்கோலமாக இருந்ததுதான் அன்று உதவியது.

பிறகு நோராட்காரர்கள் செய்த காரியம் பழுது பார்ப்பவர்கள் யாருக்கும் பிடிக்கும். கருவிகளை உடனே மாற்றிவிடாமல், எப்படி இருந்ததோ அப்படியே ஓடவிட்டுக் காத்திருந்தார்கள். வந்துபோகும் பழுதைப் பிடிக்க அதுதான் வழி; கழற்றி மாட்டினால் தடயம் போய்விடும். மூன்றே நாளில், ஜூன் 6 அன்று, மறுபடி அதே போல் வந்தது. தகவல்களைத் தொகுத்துத் தொலைத்தொடர்பு இணைப்புகளில் அனுப்பும் கணினிக் கருவியில் ஒரு சிப். விலை 46 சென்ட். கணினிக்குள் 0 என்பது 0000, 2 என்பது 0010. நடுவில் ஒரே ஒரு பிட் புரண்டால் 0 இருந்த இடத்தில் 2 நிற்கும். எண்ணிக்கைக்கு ஒதுக்கிய பல இடங்களில் அது எங்கெங்கே புரள்கிறதோ அதற்கேற்ப 2, 220, 2,200.

அந்த சிப்பின் மேல் பழியைப் போடுவது எளிது. சிப் என்றால் என்றோ ஒருநாள் கெடத்தான் செய்யும். அது அதன் இயல்பு. என்னை உறுத்துவது அந்தச் செய்தியின் வடிவம். "இணைப்பு நன்றாக இருக்கிறது" என்று சொல்வதற்குத் தாக்குதல் செய்தியின் உருவத்தையே எடுத்துக்கொண்டு, அதில் சுழியத்தை நிரப்பி அனுப்பினார்கள். நிம்மதிக்கும் பேரழிவுக்கும் நடுவில் ஒரு இலக்கத்தைத் தவிர வேறு வேலி இல்லை. போதாததற்கு, மையக் கணினி கொடுத்ததும் இணைப்பில் போனதும் ஒன்றுதானா என்று சரிபார்க்கும் ஏற்பாடு அந்தக் கட்டத்தில் இல்லை. நம் ஆதார் எண்ணின் கடைசி இலக்கம் சரிபார்ப்பு இலக்கம். நடுவில் ஒரு இலக்கத்தை மாற்றி அடித்தால் கணக்கு இடித்துக் காட்டிக்கொடுத்துவிடும். இந்த உத்தி 1980இல் புதியதல்ல, வர்த்தகக் கணினிகளில் அன்றே வழக்கமாக இருந்தது. நோராட் திரையில் ஒன்றும் தெரியாததற்குக் காரணமும் இதுதான். பொய் பிறந்தது வீட்டை விட்டு வெளியேறும் வாசற்படியில். உள்ளே இருந்தவர்களுக்குத் தங்கள் பெயரில் வெளியே என்ன போகிறது என்பதே தெரியவில்லை.

சிப்பை மாற்றினார்கள். அத்தோடு சோதனைச் செய்தியையும் மாற்றி எழுதினார்கள். புதிய செய்தியில் ஏவுகணை என்ற பேச்சே இல்லை. 46 சென்ட் சிப்பைத்தான் எல்லோரும் நினைவு வைத்திருக்கிறார்கள். உண்மையான திருத்தம் இந்த இரண்டாவதுதான்.

இத்தனைக்கும் ஏழு மாதங்களுக்கு முன்பே நல்ல சூடு கிடைத்திருந்தது. 1979 நவம்பர் 9 அன்று, பயிற்சிக்காக உருவாக்கிய தாக்குதல் காட்சி நடப்புக் கணினிக்குள் போய்விட்டது. அது அலங்கோலமான பொய் அல்ல. வல்லுநர்கள் உட்கார்ந்து, உண்மைத் தாக்குதல் எப்படி இருக்குமோ அப்படியே வடித்த பொய். எல்லா மையங்களிலும் ஒரே காட்சி. போர் விமானங்கள் கிளம்பின. குடியரசுத் தலைவருக்கான பறக்கும் கட்டளை விமானமும் அவர் இல்லாமலேயே கிளம்பியது. திரைகளை விட்டுவிட்டு, உணரிகளிடமிருந்து வரும் நேரடித் தகவலைக் கேட்டபோதுதான் குட்டு உடைந்தது. அதற்கு ஆறு நிமிடம் ஆனது. சோவியத் தலைவர் பிரெஷ்னேவ் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கார்ட்டருக்குக் கடிதமே எழுதினார்: இப்படிப்பட்ட விஷயங்களில் பிழைக்கு இடமிருக்கக் கூடாது என்பது அதன் சாரம். அதன் பிறகு, சோதனைகளை நடப்புக் கணினியில் செய்யாமலிருக்க 1.6 கோடி டாலரில் தனிக் கூடம் கட்டினார்கள். போன தடவை எந்தக் கதவு வழியாக வந்ததோ அந்தக் கதவைப் பூட்டினார்கள். அடுத்தது வேறு கதவு வழியாக வந்தது.

1980 அக்டோபரில் வந்த அமெரிக்க செனட் அறிக்கையில் ஒரு கணக்கு உண்டு. 1979 ஜனவரி முதல் 1980 ஜூன் வரை, 18 மாதத்தில், தாக்குதலாக இருக்குமோ என்று அதிகாரிகளைக் கூட்டிப் பேச வைத்த எச்சரிக்கைகள் 147. புலி வருது, புலி வருது என்று இத்தனை முறை கேட்ட காது என்ன ஆகும்? அலட்சியமும் ஆபத்து, பதற்றமும் ஆபத்து.

ஒரே மோட்டார், மூன்று சாட்சிகள்

இரண்டாவது சாட்சி தனியாக இருக்க வேண்டும் என்பதை அமெரிக்கப் படையினர் அறியாதவர்கள் அல்ல. கிரீன்லாந்தில் தூலே தளத்தில் பெரிய எச்சரிக்கை ரேடார் 1960இல் வந்தது. அந்த அக்டோபர் 5 அன்றே அது நார்வேக்கு மேலே உதித்த நிலாவைப் பார்த்து ஏவுகணைக் கூட்டம் என்று அலறியது. ரேடார் தூரத்தை அளப்பது, துடிப்பை அனுப்பி அது திரும்ப எடுக்கும் நேரத்தை வைத்து. நிலாவுக்குப் போய் வர ஏறக்குறைய 2.5 வினாடி, அதற்குள் அடுத்தடுத்த துடிப்புகள் கிளம்பிவிடும். பழைய துடிப்பின் எதிரொலியைப் புதியதன் எதிரொலி என்று கருவி எண்ணிக்கொண்டால், 3,84,000 கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பது அருகில் இருப்பதுபோலத் தெரியும். அன்று நோராட்டின் துணைத் தளபதியான கனடா நாட்டு ராய் ஸ்லெமன் கேட்ட கேள்வி கருவிகளைப் பற்றியதே அல்ல. சோவியத் தலைவர் குருஷேவ் எங்கே இருக்கிறார் என்று கேட்டார். ஐ.நா. கூட்டத்துக்காக நியூயார்க்கில் இருக்கிறார் என்று பதில் வந்தது. தன் தலைவர் இருக்கும் ஊர் மீதா தாக்குதல் நடத்துவார்கள்? ரேடாருக்குச் சற்றும் தொடர்பில்லாத சாட்சி அது. அதனால்தான் அதற்கு அவ்வளவு வலு இருந்தது.

அடுத்த வருடம், 1961 நவம்பர் 24. எஸ்.ஏ.சி.க்குத் தூலேயோடு தொடர்பு அறுந்தது. நோராட்டைக் கேட்கலாம் என்றால் அந்த இணைப்பும் செத்துக் கிடந்தது. ஒன்று அறுந்தால் பழுது. எல்லாம் ஒரே நேரத்தில் அறுந்தால் தாக்குதல். அப்படித்தானே நினைக்கத் தோன்றும்? விமானக் குழுக்களை உஷார்ப்படுத்தினார்கள். உண்மையில் நடந்தது இது: ஒன்றுக்கு மாற்றாக இன்னொன்று என்று பணம் கொடுத்துப் போட்ட தனித்தனி இணைப்புகள் எல்லாமே கொலராடோவில் பிளாக் ஃபாரஸ்ட் என்ற இடத்திலிருந்த ஒரே தொலைத்தொடர்பு இடைமாற்று நிலையம் வழியாகப் போயின. அங்கே ஒரு மோட்டார் சூடேறி நின்றுவிட்டது. வரைபடத்தில் வேறு வேறு கோடுகள், தரையில் ஒரே கட்டடம். இன்று இரண்டு நிறுவனங்களிடம் இணைய இணைப்பு வாங்கி, இரண்டு கம்பிவடமும் ஒரே பள்ளத்தில் போவதைப் பிறகு தெரிந்துகொள்கிறவர்களுக்கு இது புரியும்.

அன்று கைகொடுத்தது ஒரு பி-52. தூலே தளம் இருக்கிறதா, அழிந்ததா என்று பார்ப்பதற்காகவே அதற்கு மேலே விமானம் ஒன்று வட்டமிட்டுக்கொண்டிருக்க ஏற்பாடு செய்திருந்தார்கள். அதை வானொலியில் கூப்பிட்டார்கள். கீழே தளம் பத்திரமாக இருக்கிறது என்றது. பிளாக் ஃபாரஸ்ட் மோட்டாருக்கும் அந்த விமானத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. தனித்த சாட்சி என்றால் இதுதான் என்று மெச்சத் தோன்றும். ஆனால் அந்த விமானம் ஹைட்ரஜன் குண்டுகளோடு பறந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

1968 ஜனவரி 21 அன்று அதே பணியிலிருந்த ஒரு பி-52இல், சூடான காற்று வரும் திறப்பருகே வைத்திருந்த நுரை மெத்தைகள் தீப்பிடித்தன. புகை நிறைந்து, ஏழு பேரில் ஆறு பேர் குதித்துத் தப்பினார்கள், ஒருவர் இறந்தார். விமானம் தூலேக்கு அருகே கடல் பனியில் விழுந்தது. அதிலிருந்த நான்கு குண்டுகளின் சாதாரண வெடிமருந்து வெடித்துப் புளூட்டோனியம் பனியில் சிதறியது, அணுவெடிப்பு நிகழவில்லை. நிகழ்ந்திருந்தால்? தூலே ரேடார் மௌனமாகியிருக்கும், இணைப்பு செத்திருக்கும், சந்தேகத்தைத் தீர்க்க வைத்திருந்த விமானமும் பதில் சொல்லாது. மூன்று சாட்சிகளும் சேர்ந்து "தூலேயைத் தாக்கிவிட்டார்கள்" என்று சொல்லியிருக்கும். பொய் எச்சரிக்கையைத் தடுக்க வைத்த கருவியே மறுக்க முடியாத பொய் எச்சரிக்கையாக ஆகியிருக்கும். இதைத் திட்டமிட்டவர்கள் அறிவில்லாதவர்கள் அல்ல. சாட்சியைக் கூட்டும்போது அந்தச் சாட்சி தன்னோடு எதைக் கூட்டிவருகிறது என்று யாரும் கேட்கவில்லை. அணுகுண்டோடு விமானங்களை வானில் நிறுத்திவைக்கும் வழக்கம் இந்த விபத்தோடு நின்றது.

மூன்றாவது கை

இப்போது பெத்ரோவிடம் வரலாம். 1983 செப்டம்பர் 26, மாஸ்கோவில் நள்ளிரவு கடந்த நேரம், எச்சரிக்கைச் செயற்கைக்கோள்களின் தகவலை வாங்கும் சோவியத் மையமான செர்புகோவ்-15. பணியில் இருந்தவர் பெத்ரோவ். திரையில் ஒரு ஏவுகணை, தொடர்ந்து இன்னும் நான்கு. நம்பகம்: மிக உயர்ந்தது. கொரிய பயணிகள் விமானத்தை சோவியத் படை சுட்டு வீழ்த்தி 269 பேர் இறந்து நான்கு வாரம்கூட ஆகவில்லை.

சோவியத் செயற்கைக்கோள்கள் அமெரிக்க ஏவுகணைத் தளங்களை நேர் மேலிருந்து பார்க்கவில்லை. நீள்வட்டப் பாதையில் போய், பூமியின் விளிம்பைச் சாய்ந்து பார்த்தன. எழும்பும் ஏவுகணையின் நெருப்பு கறுப்பு விண்வெளியின் பின்னணியில் பளிச்சென்று தெரியும், மேகமும் நிலமும் குழப்பாது என்பது கணக்கு. புத்திசாலித்தனமான கணக்குதான். ஆனால் சமபகலிரவு நாளை ஒட்டி, சூரியனும் தளங்களுக்கு மேலிருந்த உயரமான மேகங்களும் செயற்கைக்கோளும் ஒரு கோணத்தில் பொருந்தின. மேகத்தின் மேல் பட்ட வெயில் நேராக உணரிக்குள் பாய்ந்தது. கணினிக்கு அது ஏவுகணை நெருப்பு. நம்பகம் மிக உயர்ந்தது என்று அது சொன்னதில் கணக்குப் பிழை ஒன்றும் இல்லை. வெளிச்சம் உண்மையிலேயே அவ்வளவு பிரகாசம். எதன் வெளிச்சம் என்பதுதான் அதற்குத் தெரியவில்லை.

இங்கே இரண்டாவது சாட்சி எங்கே? தரை ரேடார். பூமியின் வளைவைத் தாண்டி அதற்குத் தெரிய இன்னும் கால் மணி நேரம் ஆகும். ஐந்து ஏவுகணைகளை வைத்துக்கொண்டு யாரும் போரைத் தொடங்கமாட்டார்கள், இந்த அமைப்பும் அவசரமாகப் பணியில் சேர்த்தது என்று பெத்ரோவ் யோசித்தார். பொய் எச்சரிக்கை என்று மேலே சொன்னார். ஸ்லெமனின் கேள்வியைப் போலவே இதுவும் கருவிக்கு வெளியே இருந்து வந்த வாதம். இதற்குத் தைரியம் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் ரேடார் வரும்வரை இருந்த அந்த இடைவெளியில் அவரே இரண்டாவது சாட்சியாக நிற்கவேண்டி வந்தது என்பதை நான் பாராட்டாகச் சொல்லமாட்டேன். அது அமைப்பின் ஓட்டை. பிறகு விசாரணையில், பதிவேட்டை ஏன் அப்போதே எழுதவில்லை என்று கேட்டார்களாம். ஒரு கையில் தொலைபேசி, மறு கையில் ஒலிவாங்கி, மூன்றாவது கை எனக்கு இல்லை என்றார். சோவியத் ஒன்றியம் பின்னால் வேறு பாதையில், வேறு கோணத்திலிருந்து பார்க்கும் செயற்கைக்கோளையும் சேர்த்துக்கொண்டது. எனக்கு அதுதான் பெத்ரோவுக்குச் செய்த சரியான மரியாதை.

மியான் சன்னு

நம் பக்கத்தில் 2022 மார்ச் 9 மாலை நடந்ததை இந்த வரிசையில் வைத்துப் பேசுகிறவர்கள் குறைவு. அங்கே பொய் எச்சரிக்கை இல்லை. உண்மையாகவே ஓர் இந்திய ஏவுகணை, குண்டு இல்லாமல், தவறுதலாகக் கிளம்பியது. 6:43க்குப் பாகிஸ்தான் விமானப்படை அதைத் திரையில் பார்த்தது. 6:50க்கு, எல்லையைத் தாண்டி 124 கிலோமீட்டர் போய், மியான் சன்னு அருகே விழுந்தது. உயிரிழப்பு இல்லை. ஏழு நிமிடம். அதன் மூக்கில் குண்டு இருக்கிறதா, பின்னால் இன்னும் வருகிறதா என்பதைத் திரையைப் பார்த்து யாரும் சொல்ல முடியாது. அதைச் சொல்லக்கூடிய ஒரே சாட்சி டெல்லி. இந்தியாவின் அறிக்கை வந்தது மார்ச் 11 அன்று. ஆகஸ்டில் மூன்று விமானப்படை அதிகாரிகள் பணியிலிருந்து நீக்கப்பட்டார்கள்.

அந்த இரண்டு நாள்தான் எனக்கு இடிக்கிறது. இரு நாட்டு ராணுவ நடவடிக்கைத் தலைவர்களுக்கிடையே நேரடித் தொலைபேசி இருக்கிறது. ஏவுகணைச் சோதனைக்கு முன்னால் சொல்லிக்கொள்ள 2005ஆம் ஆண்டு ஒப்பந்தமும் இருக்கிறது. ஆனால் அது வளைந்து ஏறி விழும் பாலிஸ்டிக் ஏவுகணைகளுக்கு மட்டும். அன்று பறந்தது, விமானம்போலக் கிடையாகப் பறக்கும் க்ரூஸ் ஏவுகணை. அந்த ஒப்பந்தத்தில் அதற்கு ஒரு வரிகூட இல்லை.